மாண் தீவும் மாங்க்ஸ் பாஷையும்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்னும் நான்கு தேசங்களுக்கும் நடுவே, ஐரிஷ் கடலின் மத்தியில், ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளமும் 572 சதுர கிலோமீட்டர் பரப்பும் உடையதாய்க் கிடக்கிறது மாண் தீவு. அதன் நடுவில் எழுந்து நிற்கும் ஸ்னேஃபெல் மலையின் உயரம் 621 மீட்டர்தான் என்றாலும், வானம் தெளிந்த நாளில் அதன் உச்சியில் நிற்பவனுக்கு மேற்சொன்ன நான்கு தேசங்களின் கரைகளும் புலப்படும். அக்கடலில் போவோர் வருவோர் எவர் கண்ணுக்கும் தப்ப முடியாத இடம் அது. ஆகவே கேலிக் குடிகளும், நார்வேக் கடலோடிகளும், ஸ்காட்லாந்து மன்னர்களும், ஆங்கிலப் பிரபுக்களும் ஒருவர்பின் ஒருவராக அங்கே வந்து இறங்கினார்கள். இத்தனை பேர் வந்து ஆண்டபோதிலும், மாங்க்ஸ் மக்கள் என்று பெயர் பெற்ற அத்தீவார் தமக்கென்று ஒரு சட்டசபையையும் தமக்கென்று ஒரு பாஷையையும் நெடுங்காலம் காப்பாற்றி வந்தார்கள். சபை இன்றளவும் இடையறாது கூடிவருகிறது. பாஷைக்கு வேறு கதி நேர்ந்தது. நார்வே ராஜாக்களின் சில நூற்றாண்டு அரசாட்சியைத் தாங்கி நின்ற அந்தப் பாஷை, படையெடுப்பும் கலகமும் இல்லாத பத்தொன்பதாம் நூற்றாண்டில், எவரும் அதைத் தடுத்துச் சட்டம் செய்யாதிருந்தபோதே, வீட்டுக்கு வீடு மௌனமாகக் கைவிடப்பட்டது. அந்த விசித்திரத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாங்க்ஸ் பாஷை கேலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அயர்லாந்தின் ஐரிஷும் ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக்கும் அதனோடு உடன்பிறந்தவை. வேல்ஸ் பாஷைக்கு உறவான ஒரு பேச்சு முன்பு வழங்கிய அத்தீவில், கிறிஸ்து சகாப்தத்தின் ஐந்தாம் நூற்றாண்டையொட்டி அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் தம்முடைய பேச்சை ஊன்றினார்கள் என்பது அறிஞர்களின் கொள்கை. கல்லின் விளிம்பில் கோடுகளாகக் கீறி எழுதும் ஓகம் என்னும் லிபியில் அமைந்த சில சாசனங்கள் அக்காலத்துக்குச் சாட்சியாய் இன்னும் இருக்கின்றன. பிறகு கிறிஸ்து சமயம் பரவியது. வயல்வெளிகளிலும் குன்றுச் சரிவுகளிலும் ஒரு சிறு அறையளவே உள்ள கல் ஜெபவீடுகள் எழுந்தன. அவற்றின் அடிவாரச் சுவர்கள் தீவெங்கும் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஆயினும் பழைய தெய்வமாகிய மனனானை ஜனங்கள் முற்றிலும் மறந்துவிடவில்லை. கடலுக்கு அதிபதியான அவன், பகைவரின் கப்பல்கள் நெருங்கும்போது மூடுபனியை விரித்துத் தீவையே மறைத்துவிடுவான் என்றும், அதற்குப் பிரதியாக ஆண்டுதோறும் நடுக்கோடையில் ஒரு கட்டுக் கோரைப்புல்லை மாத்திரம் வரியாகப் பெற்றுக்கொண்டான் என்றும் ஐதிகம். பிற்காலத்தில் வந்த அரசர் எவரும் அவ்வளவு மலிவாக அத்தீவை ஆண்டதில்லை.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் கடலில் தோன்றிய நார்வேக் கப்பல்கள் முதலில் கொள்ளைக்கு வந்தன. பின்னர் நிலத்துக்காக வந்தன. வந்தவர்கள் நல்ல விளைநிலங்களைக் கைக்கொண்டு குடியமர்ந்தார்கள். காலக்கிரமத்தில் தீவாரின் சமயத்தையும் ஏற்றார்கள். அந்தச் சந்தியின் நிலையைத் தெளிவாகக் காட்டுவன, ரூனிக் எழுத்துப் பொறித்த சிலுவைக் கற்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ரூனிக் சாசனங்கள் அச்சிறு தீவில் கிடைத்திருக்கின்றன. ஆண்ட்ரியஸ் என்னும் ஊரில் உள்ள ஒரு கல்லின் ஒரு புறத்தில் ஓடின் என்னும் நார்ஸ் (பழைய நார்வே) தேவனை ஓநாய் விழுங்குகிறது. மறுபுறத்தில் சிலுவையும் வேதபுஸ்தகமும் ஏந்திய ஓர் உருவம் நிற்கிறது. கிர்க் மைக்கேல் என்னும் ஊரின் தேவாலயத்தில் இருக்கும் கல் ஒன்றை நிறுத்தியவன், ஆதகன் என்னும் கருமானின் மகனாகிய மேல்பிரிக்டி; அதைச் செதுக்கிய கௌட் என்னும் சிற்பியோ, இதையும் மாண் தீவிலுள்ள மற்றெல்லாவற்றையும் செய்தவன் தானே என்று சிறிதும் கூச்சமின்றிப் பொறித்து வைத்திருக்கிறான். எழுத்து ரூனிக், வாசகம் நார்ஸ், சிற்பியின் பெயரும் நார்ஸ். கல்லை நிறுத்தியவனின் பெயர் மட்டும் கேலிக். அதே ஊரின் இன்னொரு கல், வளர்ப்பு மகன் ஒருவனால் தன்னை வளர்த்த தாயின் நினைவாக நாட்டப்பட்டது. அவள் பெயர் மால்முரி. அவளுடைய தந்தை துஃப்கால். இரண்டும் கேலிக் பெயர்கள். அவள் கணவன் அதிஸ்ல் என்பவனுடைய பெயரோ நார்ஸ். கெட்ட மகனை விட்டுச் செல்வதைவிட நல்ல வளர்ப்பு மகனை விட்டுச் செல்வது மேல் என்ற கருத்தையும் அக்கல் சொல்கிறது.

சரித்திரப் புத்தகங்கள் பல சொல்லாத செய்தியை இக்கல் சொல்லிவிடுகிறது என்று நாம் கருதலாம். கப்பலேறி வந்தவர்களில் ஆண்களே மிகுதி. அவர்கள் மணந்தது தீவின் பெண்களை. குழந்தைகள் தாய்மடியில் கேட்டது கேலிக் பேச்சு. 1079-ஆம் ஆண்டில் ராம்ஸேக்கு அருகே ஸ்கைஹில் என்னும் குன்றில் நடந்த யுத்தத்தில் வென்று தீவைக் கைப்பற்றிய காட்ரெட் குரோவன், மாண் தீவையும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளையும் ஆண்ட ஒரு ராஜவம்சத்தை நிறுவினான். ஜனங்களின் பாட்டிலும் கதையிலும் அவன் ஆர்ரி ராஜாவாக நிலைத்துவிட்டான். 1265-இல் அவ்வம்சத்தின் கடைசி மன்னன் மாக்னஸ் இறந்தான். அடுத்த ஆண்டே பெர்த் உடன்படிக்கையின்படி நார்வே அரசன் 4,000 மார்க் பணத்துக்கு அத்தீவுகளை ஸ்காட்லாந்துக்குக் கொடுத்துவிட்டான். ராஜ்யம் போனபின் நார்ஸ் பாஷையும் தீவிலிருந்து மறைந்தது. ஸ்னேஃபெல், லாக்ஸி, ராம்ஸே, ஜர்பி போன்ற இடப்பெயர்களில் அதன் சுவடு இருக்கிறது. தீவாரின் குடும்பப் பெயர்களிலோ அது இன்னும் அழகாகக் கலந்திருக்கிறது: கார்க்கில், கார்லெட், கௌலி என்று இன்றும் வழங்கும் பெயர்களில் தோர்க்கெல், தோர்லியோட், ஓலாஃப் என்னும் நார்வே மூதாதையர் ஒளிந்திருக்க, அவர்களுக்கு முன்னே ‘மகன்’ என்று பொருள்படும் கேலிக் சொல்லின் கடைசி ஒலி ஒட்டி நிற்கிறது. ஆண்டவர்களின் பேரப்பிள்ளைகளைத் தனக்குப் பிள்ளைகளாக ஆக்கிக்கொண்டது அந்தப் பாஷை.

நார்வேக்காரர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் டின்வால்ட் என்னும் மகாசபை. ஆண்டுதோறும் ஜூலை 5-ஆம் தேதி செயின்ட் ஜான்ஸ் என்னும் ஊரில், நான்கு அடுக்குகளாக உயர்ந்த ஒரு செயற்கைக் குன்றின்மீது அச்சபை கூடுகிறது. பழைய பஞ்சாங்கத்தின்படி அது நடுக்கோடை நாள். 1753-இல் தீவு புதிய பஞ்சாங்கத்தை ஏற்றபோது தேதி மாறியதே தவிர நாள் மாறவில்லை. ஊர்வலம் செல்லும் பாதையில் மனனானுக்குச் செலுத்திய அதே கோரைப்புல் பரப்பப்படுகிறது. அவ்வாண்டில் இயற்றிய சட்டங்களின் சாரம் அங்கே ஆங்கிலத்திலும் மாங்க்ஸிலும் ஜனங்கள் கேட்க வாசிக்கப்படும். ஆயிரம் ஆண்டு நிறைவடைந்தது என்று 1979-இல் தீவார் பெருவிழா எடுத்தார்கள். கீஸ் சபை என்னும் அதன் கீழ்ச்சபைக்கு உறுப்பினர் 24 பேர். நீதிபதிகளுக்கு டீம்ஸ்டர் என்று பெயர். எழுத்தில் வராத பழைய வழக்காறுகளைத் தம் நெஞ்சிலேயே காத்து, வேண்டும்போது எடுத்துரைக்கும் கடமை முற்காலத்தில் அவர்களுடையதாக இருந்தது. அதனால் அவ்வழக்காறுகளுக்கு ‘நெஞ்சுச் சட்டங்கள்’ என்றே பெயர் வழங்கிற்று. பதவியேற்கும் டீம்ஸ்டர், ஹெர்ரிங் மீனின் முதுகெலும்பு அதன் உடலின் நட்டநடுவில் கிடப்பதுபோலத் தாமும் இருதரப்புக்கும் நடுவே நின்று பக்ஷபாதமின்றி நீதி செலுத்துவதாகப் பிரமாணம் செய்வார். மீனையே உண்டு, மீனையே விற்று வாழ்ந்த ஜனங்களுக்கு நீதியின் இலக்கணத்தை இதைவிட விளக்கமாக எவ்விதம் சொல்லியிருக்க முடியும்?

1405-இல் இங்கிலாந்து மன்னன் நான்காம் ஹென்றி, ஸர் ஜான் ஸ்டான்லி என்பவருக்குத் தீவை அளித்தான். அதற்குக் காணிக்கையாக, ஒவ்வொரு முடிசூட்டு விழாவிலும் இரண்டு ராஜாளிப் பறவைகளைச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்டான்லி வம்சத்தார் 1736 வரையில் ஆண்டபோதிலும், அவர்களில் பலர் தீவின் பக்கம் வந்ததே அபூர்வம். அரண்மனைக் கணக்கும் நீதிமன்றப் பதிவும் ஆங்கிலத்திலே நடந்தன. வயலிலும் படகிலும் அடுப்பங்கரையிலும் மாங்க்ஸே வழங்கியது. சாட்சி மாங்க்ஸில் பேசுவான். எழுத்தர் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். 1651-இல் பிரபுவின் குடும்பத்தாருக்கு எதிராக நடந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கிய வில்லியம் கிறிஸ்டியன், 1663 ஜனவரி 2-ஆம் தேதி ஹாங்கோ குன்றில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நீதிமன்ற ஏடு அதை ஆங்கிலத்தில் குறித்தது; ஜனங்களோ அவரை இல்லியம் தோன் என்று தம் வழக்கப்படி அழைத்து, மாங்க்ஸில் ஒரு நெடும்பாட்டாகப் புலம்பினார்கள். பாஷைக்கு அரண்மனை இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, நகரமும் இல்லை. ஆயினும் தீவில் பிறந்தவன் பிழைப்பதற்கு அதுவே வேண்டியிருந்த வரையில் அது எந்தக் குறையையும் உணரவில்லை.

எழுத்து என்று பார்த்தால் மாங்க்ஸ் மிகவும் தாமதித்தே ஏடேறிற்று. அயர்லாந்தில் துறவிகளும் புலவர்களும் பல நூற்றாண்டுகளாக வளர்த்துவந்த எழுத்து மரபு இத்தீவில் வேர் கொள்ளவில்லை. 1610-ஐ ஒட்டி, வேல்ஸ் தேசத்தவரான ஜான் பிலிப்ஸ் என்னும் பிஷப் பொது ஜெப நூலை மாங்க்ஸில் பெயர்த்தார். ஆனால் அவர் கையாண்ட எழுத்துமுறையைத் தம்மால் எளிதில் வாசிக்க இயலவில்லை என்று உள்ளூர்க் குருமாரே முறையிட்டார்கள். அவருடைய பெயர்ப்பு அச்சேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். மாங்க்ஸில் அச்சான முதல் நூல், தாமஸ் வில்சன் என்னும் பிஷப் 1707-இல் வெளியிட்ட ஒரு ஞானோபதேசம். ஐம்பத்தேழு ஆண்டுகள் தீவின் பிஷப்பாக இருந்தவர் அவர். கவர்னரோடு மூண்ட பூசலில் 1722-இல் ருஷன் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது வேதாகமத்தை மாங்க்ஸில் பெயர்க்கும் திட்டத்தை அவர் யோசித்தார் என்பர். 1748-இல் மத்தேயு சுவிசேஷம் வந்தது. அவருக்குப் பின் வந்த மார்க் ஹில்டெஸ்லி, வேதாகமத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தீவின் குருமாருக்கு வழங்கி, பிலிப் மூர் என்பவரையும் ஜான் கெல்லி என்னும் இளைஞரையும் திருத்தம் செய்ய அமர்த்தி, அப்பெருங்காரியத்தை நடத்தி முடித்தார். 1771-இல் கெல்லி கையெழுத்துப் பிரதியோடு தீவின் டக்ளஸ் துறையிலிருந்து இங்கிலாந்தின் வைட்ஹேவனுக்குக் கடல் கடந்தபோது கப்பல் உடைந்தது. அவர் ஐந்து மணி நேரம் அந்தக் கட்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காப்பாற்றினார். 1772-இல் மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. அதன் கடைசிப் பகுதியைக் கையில் பெற்ற சில தினங்களுக்குள் ஹில்டெஸ்லி காலமானார். பிலிப்ஸுக்குப் பின் வந்தவர்கள் ஆங்கிலம் எழுதும் பழக்கத்தைக் கொண்டே மாங்க்ஸையும் எழுதினார்கள். ஆதலால் மாங்க்ஸ் பேசக் கேட்டால் ஓரளவு விளங்கிக்கொள்ளும் ஐரிஷ்காரன், அதை ஏட்டில் பார்த்தால் திகைத்துப் போகிறான்.

வேதாகமம் தீவாருக்கு அரிச்சுவடியும் ஆயிற்று, இலக்கியமும் ஆயிற்று. அதன் நடையிலிருந்து பிறந்தவை கார்வல் என்னும் பக்திப் பாடல்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் பங்குத் தேவாலயத்தில் வழிபாடு முடிந்து, குருவானவர் வீட்டுக்குப் போனபின், ஜனங்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவர்த்தி. ஒருவர்பின் ஒருவராக எழுந்து தாமோ தம் முன்னோரோ இயற்றிய நீண்ட பாடல்களைப் பாடுவார்கள். பெரும்பாலான பாடல்களின் பொருள் பாவமும், மரணமும், நியாயத்தீர்ப்பும். அத்தனை கம்பீரமான விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இளம்பெண்கள் வறுத்த பட்டாணியை எடுத்து மணமாகாத வாலிபர்கள்மீது எறிவதும் சம்பிரதாயம். உழவர்களும் மீனவர்களும் கம்மியர்களும் இப்பாடல்களைத் தம் கைப்பட எழுதிக் குடும்பச் சொத்தாக வைத்திருந்தார்கள். மில்டனின் இழந்த சொர்க்கத்தைத் தாமஸ் கிறிஸ்டியன் என்னும் குரு சுருக்கி மாங்க்ஸ் செய்யுளாக்கி 1796-இல் வெளியிட்டதும், தரித்திரமான அந்தத் தீவில் அதைப் படிக்க ஆள் இருந்ததாலேதான்.

ஆனால் பாஷையின் பொற்காலமும் அதன் வீழ்ச்சியின் தொடக்கமும் ஒரே காலத்தில் நேர்ந்தன. ஸ்டான்லி வம்சத்துக்குப் பின் தீவு அதோல் பிரபுக்களைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் சுங்கவரி இங்கே செல்லாது. ஆகவே ஒயினும், பிராந்தியும், தேயிலையும், புகையிலையும் சட்டப்படி தீவில் வந்து இறங்கும். இரவில் சிறு படகுகளில் ஏறி எதிர்க்கரைகளுக்குக் களவாகப் போகும். இதனால் தன் கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பொறாத பிரிட்டிஷ் அரசாங்கம், 1765-இல் 70,000 பவுன் கொடுத்துத் தீவின் ராஜாதிகாரத்தை வாங்கிவிட்டது. ஜெப நூலின் வேறொரு மாங்க்ஸ் பெயர்ப்பு அச்சாகி வந்ததும் அதே 1765-இல்தான். கள்ள வாணிபத்தால் கொழித்த துறைமுகங்கள் ஓய்ந்தன. வரிப்பணம் லண்டனுக்குப் போயிற்று. பிழைப்புத் தேடிப் பலர் கடல் கடந்தார்கள். 1820களில் பல குடும்பங்கள் அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்துக்கே சென்றன. மறுபுறத்தில், வெளியூரில் பட்ட கடனுக்குத் தீவில் வழக்குத் தொடுக்க முடியாது என்றிருந்த சட்டம் 1814-இல் ரத்தாகும் வரையில், இங்கிலாந்தின் கடனாளிக் கனவான்கள் அங்கே வந்து குடியேறினார்கள். பாதிச் சம்பளத்தில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளும் மலிவான வாழ்க்கையை நாடி வந்தார்கள். டக்ளஸும் காசில்டவுனும் ஆங்கிலம் பேசும் ஊர்களாயின. 1830-இல் நிறுவப்பட்ட நீராவிக் கப்பல் கம்பெனி லங்காஷயர் ஆலைத் தொழிலாளரைக் கோடைதோறும் கொண்டுவந்து இறக்கியது. ஐம்பதினாயிரத்துச் சொச்சம் ஜனத்தொகையுடைய தீவுக்கு 1913-இல் வந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடுகிறவளும், படகில் ஏற்றி உலவச் செய்கிறவனும் எந்தப் பாஷையில் பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரியோர்களும் இதற்குத் துணைநின்றார்கள். பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கக் கற்கும் வரையில் பெற்றோர் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று வில்சன் காலத்திலேயே 1704-இல் விதி பிறந்தது. மாங்க்ஸில் முதல் நூலை அச்சிட்ட அதே வில்சன்தான் அதையும் செய்தவர் என்பது கவனிக்கத்தக்கது. தீவுக்கு இருமுறை வந்து உபதேசித்த மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி, மாங்க்ஸில் நூல் வெளியிடுவதைத் தாம் விரும்பவில்லை என்றும் அப்பாஷையை ஒழிக்கவே முயல வேண்டும் என்றும் 1789-இல் கடிதம் எழுதினார். அவருடைய சீடர்களோ அதைப் பொருட்படுத்தாமல் சில ஆண்டுகளுக்குள் மாங்க்ஸில் கீதப் புத்தகம் அச்சிட்டார்கள். 1825-இல் ஜார்ஜ் மரே என்னும் பிஷப், மாங்க்ஸ் வேதாகமத்தையும் ஜெப நூலையும் இனி அச்சிடத் தேவையில்லை என்று லண்டனுக்குத் தெரிவித்தார். 1872-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் நடந்த பள்ளிகளில் மாங்க்ஸுக்கு இடமில்லை. ஆயினும் இவற்றையெல்லாம்விட வலிமையுடையதாய் இருந்தது ஜனங்களின் சொந்தக் கணக்கு. மாங்க்ஸை வைத்துக்கொண்டு ஒரு பென்னிகூடச் சம்பாதிக்க முடியாது என்பது அவர்களிடையே மாங்க்ஸிலேயே வழங்கிய ஒரு வசனம். தாயும் தந்தையும் தங்களுக்குள் மாங்க்ஸில் பேசிக்கொண்டு, குழந்தையின் பக்கம் திரும்பும்போது ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அக்குழந்தைகளின் நன்மையைக் கருதியே அவ்விதம் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை.

எண்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லும். 1874-இல் ஹென்றி ஜென்னர் என்னும் அறிஞர் தீவின் குருமாருக்கெல்லாம் கடிதம் எழுதித் திரட்டிய விவரப்படி, டக்ளஸ் நீங்கலாக ஏறத்தாழ 41,000 ஜனங்களில் 12,000 பேருக்குச் சற்று அதிகமானவர்கள் மாங்க்ஸ் பேசினார்கள். 1901-ஆம் ஆண்டின் ஜனக்கணக்கில் அத்தொகை 4,419, 1921-இல் 896, 1931-இல் 529. எஞ்சியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். சந்தையில் வாய்திறந்து மாங்க்ஸ் பேசினால் பட்டிக்காட்டார் என்று பிறர் நகைப்பார்களோ என்று அஞ்சி ஒதுங்கியவர்கள். பாஷை கடைசியாக ஒதுங்கிய இடங்களில் ஒன்று மீன்பிடி படகு. கரையில் சகஜமாகச் சொல்லும் சில பெயர்களைக் கடலில் உச்சரிக்கலாகாது என்று மீனவர் விலக்கிவைத்து, அவற்றுக்கு வேறு பெயர்களை வழங்கினார்கள். இன்று ஆங்கிலமே பேசும் தீவாரில் பலர்கூட எலியை அதன் பெயரால் சொல்லாமல் ‘நீள்வால்’ என்று சுட்டுவது அந்த வழக்கத்தின் எச்சம்.

பாஷை மறைகிறது என்பதை உணர்ந்து வருந்தியவர்கள் 1899-இல் மாங்க்ஸ் பாஷைச் சங்கத்தை நிறுவினார்கள். சரித்திர ஆசிரியரும் கீஸ் சபையின் சபாநாயகருமான ஏ. டபிள்யூ. மூர் அதன் முதல் தலைவர். நாட்டுக் கதைகளையும் பாட்டுகளையும் தேடித் திரட்டிய ஸோஃபியா மாரிஸன் அதன் உயிர்நாடியாக விளங்கினார். எட்மண்ட் குட்வின் இயற்றிய பாடப்புத்தகம் 1901-இல் வெளிவந்தது. வெளிநாட்டு அறிஞர்களும் வந்தார்கள். வியன்னாவிலிருந்து ருடால்ஃப் டிரெபிட்ச் 1909-இல் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். நார்வேயிலிருந்து கார்ல் மார்ஸ்ட்ராண்டர் என்னும் பேராசிரியர் 1929 முதல் சிலமுறை வந்து முதியோர் பேச்சை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஒருகாலத்தில் அத்தீவை ஆண்டவர்களின் தேசத்திலிருந்தே அப்பாஷையின் கடைசிக் குரல்களைக் காக்க ஒருவர் வந்தது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று.

அக்கடைசித் தலைமுறையில் எல்லாரினும் நீண்டகாலம் வாழ்ந்தவர் நெட் மாட்ரெல் என்னும் மீனவர். தீவின் தென்கோடியில் கிரெக்னீஷ் என்னும் சிற்றூரை அடுத்து 1877-இல் பிறந்த அவர், ஆங்கிலம் அறியாத பெரிய அத்தை ஒருத்தியிடம் வளர்ந்தார். அவளோடு பேச மாங்க்ஸ் தவிர வேறு வழியில்லை. அவர் தலைமுறையில் மற்றக் குழந்தைகளுக்கு வாய்க்காத பாக்கியம் அவருக்கு அதனால் வாய்த்தது. 1947-இல் தீவுக்கு வந்த அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா ஐரிஷில் பேச, மாட்ரெல் மாங்க்ஸில் விடையளித்தார் என்று சொல்வார்கள். மறு ஆண்டே அயர்லாந்தின் நாட்டுப்பண்பாட்டு ஆணையம், கெவின் டானஹர் என்பவரை ஒலிப்பதிவுச் சாதனங்கள் ஏற்றிய வண்டியோடு அனுப்பி, எஞ்சியிருந்த முதியோர் பேச்சைத் தட்டுகளில் பதிவு செய்தது. அதே காலத்தில் டக்ளஸ் ஃபார்கர், வால்ட்டர் கிளார்க், லெஸ்லி குவர்க், பில் ராட்க்ளிஃப் முதலிய இளைஞர் சிலர் சைக்கிளிலும் நடந்தும் கிராமங்களுக்குச் சென்று, அம்முதியவர்களின் கணப்படுப்பருகே உட்கார்ந்து, புத்தகத்தில் கற்ற பாஷையை உயிருள்ள வாயிலிருந்து மீண்டும் கற்றார்கள். 1974 டிசம்பர் 27-ஆம் தேதி, தம்முடைய 97-ஆம் வயதில் மாட்ரெல் காலமானபோது, தாய்மொழியாகப் பெற்றவர்களின் தொடர்ச்சி அற்றது. ஆனால் அவரிடம் கேட்டுக் கற்றவர்களின் தொடர்ச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. ஃபார்கரின் ஆங்கில-மாங்க்ஸ் அகராதி 1979-இல் வெளிவந்தது.

பிறகு நடந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 1985-இல் டின்வால்ட் சபை அப்பாஷைக்கு ஓரளவு அங்கீகாரம் அளித்தது. 1992 முதல் பள்ளிகளில் விரும்பியவர்கள் மாங்க்ஸ் படிக்கலாயிற்று. 2001-இல் எல்லாப் பாடங்களையும் மாங்க்ஸ் வழியாகவே கற்பிக்கும் ஆரம்பப் பள்ளி ஒன்று தொடங்கி, பின்னர் டின்வால்ட் குன்று இருக்கும் செயின்ட் ஜான்ஸிலேயே நிலைபெற்றது. 2009-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பாஷை வரைபடம் மாங்க்ஸை இறந்த பாஷைகளோடு சேர்த்தபோது, அப்பள்ளிக் குழந்தைகள் மாங்க்ஸிலேயே கடிதம் எழுதி, இது எந்தப் பாஷை என்று வினவினார்கள், வரைபடம் திருத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் ஜனக்கணக்கில், தமக்கு மாங்க்ஸ் ஓரளவேனும் தெரியும் என்று சொன்னவர்கள் 2,223 பேர்.

இன்று பேசப்படும் மாங்க்ஸ், கிரெக்னீஷ் கிழவர் பேசிய மாங்க்ஸ் ஆகாது என்றும், படித்துப் பெற்ற பாஷை பிறவியில் பெற்ற பாஷைக்கு ஈடாகாது என்றும் சிலர் அபிப்பிராயப்படுவதுண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. உச்சரிப்பில் ஆங்கிலத்தின் சாயல் ஏறியிருக்கிறது, சொற்கள் பல புதிதாய்ப் புனையப்பட்டவை. ஆனால் அத்தீவின் சரித்திரத்தை முழுமையாக நோக்கினால், அப்பாஷையைப் பின்னர் வந்து கற்றவர்கள் இன்றைய மாணவர்கள் மட்டும் அல்லர் என்பது தெளிவாகும். தோர்க்கெலின் மகனும் ஓலாஃபின் மகனும், தந்தையின் வீட்டில் வேறு பாஷை வழங்க, அதைக் கற்றவர்களே. இன்று அத்தீவின் செல்வம் பெரும்பாலும் நிதித் தொழிலிலிருந்து வருகிறது. ஜனங்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியில் பிறந்தவர்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகளும் மாங்க்ஸ் படிக்கிறார்கள். ஒரு பென்னிகூடக் கிடையாது என்று முன்னோர் சொன்ன வசனமும் பொய்த்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பௌதிக அறிஞரான பிரையன் ஸ்டோவெல் அரசாங்கத்தின் முதல் மாங்க்ஸ் பாஷை அதிகாரியாக அமர்ந்தது முதல், அப்பாஷையைக் கொண்டே மாதச் சம்பளம் பெறுவோர் இருக்கிறார்கள்.

எனினும் சம்பளம் ஒரு பாஷையைப் பள்ளிவரையில்தான் கொண்டுவந்து சேர்க்கும். சபையின் ஆதரவும் ஆண்டுக்கொரு முறை குன்றின்மேல் வாசிப்பதும் அதற்கு மரியாதை தரும். ஆனால் சென்ற நூற்றாண்டில் அம்மரியாதை ஒரு வருஷமும் தவறாமல் நடந்துகொண்டிருந்தபோதே பேசுவோர் தொகை ஆயிரக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்காகக் குறைந்ததை நாம் கண்டோம். நார்வே ராஜாக்களின் காலத்தில் அப்பாஷை பிழைத்தது தாய்மார்களால். விக்டோரியா மகாராணியின் காலத்தில் அது நலிந்ததும், பிள்ளைகளின் எதிர்காலத்தை அஞ்சிய தாய்தந்தையரால். அன்று வீடு செய்த காரியத்தை இன்று பள்ளிக்கூடம் ஏற்றிருக்கிறது. அப்பள்ளியில் படித்து வெளிவந்த முதல் மாணவர்கள் இப்போது வாலிபப் பிராயத்தினர். அவர்கள் தங்கள் குழந்தைகளோடு எந்தப் பாஷையில் பேசுகிறார்கள் என்பதைக் கொண்டே, வருங்காலச் சரித்திர ஆசிரியன் இந்த மறுமலர்ச்சியை மதிப்பிடுவான். சில வீடுகளில் மாங்க்ஸ் பேச்சே கேட்கத் தொடங்கியிருக்கிறது; அவற்றின் தொகை பெருகுமானால், டின்வால்ட் குன்றின்மேல் வாசிக்கும் மாங்க்ஸ் வாசகத்தைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் கூட்டமும் அதன் அடிவாரத்தில் மீண்டும் சேரும்.